ஒரு பிளேஞ்சை எழுப்புவோம்

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்களோடு டீக்கடையில் நின்றால் இந்தக் கேள்வி வராமல் போகாது: “பழைய டிராயிங் ஒரு கட்டு கிடக்குதுங்க. ஸ்கேன் பண்ணி சாப்ட்வேர்ல போட்டா அப்படியே 3டி ஆயிருமுங்களா?” ஆகாது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. “அப்புறம் லட்சக்கணக்குல காசு கொடுத்து அதை எதுக்குங்க வாங்கறது?” என்று அடுத்தது வரும். இரண்டுமே நியாயமான கேள்விகள். நின்றுகொண்டே பதில் சொல்லிவிட முடியாது. இன்னொரு டீ சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அப்படி ஒரு பொத்தான் ஏன் இல்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு தாளில் 50 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று போடுங்கள். அது முன்தோற்றம். அதற்கு நேர் கீழே அதே அளவில் இன்னொரு சதுரம். அது மேல்தோற்றம். இது என்ன பொருள் என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் கனசதுரம் என்பார்கள். சரி, அந்தக் கனசதுரத்தை முன்பக்கத்தின் கீழ் விளிம்பிலிருந்து பின்பக்கத்தின் மேல் விளிம்பு வரை சரிவாக அறுத்து, முன்னால் இருக்கும் பாதியை எடுத்து எறியுங்கள். மிஞ்சுவது ஓர் ஆப்பு. அதை முன்னாலிருந்து பார்த்தால் சதுரம், மேலிருந்து பார்த்தாலும் சதுரம். நேராக அறுக்காமல் வில் போல வளைத்து இழைத்தால் கால் உருளை வரும். அதற்கும் அதே இரண்டு சதுரங்கள்தான். பொருள் மூன்று, டிராயிங் ஒன்று.

பக்கத்தோற்றத்தையும் கொடுத்துவிட்டால் இந்த மூன்றும் பிரிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் மூன்று தோற்றங்களும் கொடுத்த பிறகும் ஒன்றுக்கு மேற்பட்ட விடை வரும் உருவங்கள் இருக்கின்றன. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த வெஸ்லி, மார்கோவ்ஸ்கி இருவரும் 1980, 1981 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதைப் பற்றியவைதான். தோற்றங்களைக் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்தும் திண்ம உருவங்கள் எவை என்று கணினியே கண்டுபிடிக்க அவர்கள் வழி சொன்னார்கள். அந்த வழி, பொருந்தக்கூடிய உருவங்கள் அத்தனையையும் எடுத்து முன்னால் வைக்கும். அவற்றில் எது நம்முடையது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இதெல்லாம் பொருளின் விளிம்புகள் மட்டும் இருக்கும் சுத்தமான படத்துக்கு. நம் கட்டில் இருக்கும் தாளில் மையக்கோடு, அளவுக்கோடு, ஹேட்சிங், யாரோ பென்சிலில் எழுதிய திருத்தம், கிரீஸ் விரல் அடையாளம் எல்லாம் கலந்து கிடக்கும். எது விளிம்பு, எது குறிப்பு என்று பிரிப்பதே பெரும்பாடு.

அப்படியென்றால் இத்தனை காலம் அந்த டிராயிங்கை வைத்து வேலை எப்படி நடந்தது? படிக்கத் தெரிந்த ஆள் பட்டறையில் இருந்தார். தாளில் இல்லாததை அவர் தலை நிரப்பிக்கொண்டது. தோற்றங்களாகப் பிரித்து வரையும் இந்த முறைக்கே அப்படி ஒரு ஆரம்பம்தான். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெசியேர் நகரத்து ராணுவப் பொறியியல் பள்ளியில், எதிரியின் பார்வைக்கும் குண்டுக்கும் மறைவாகக் கோட்டைச் சுவரை எப்படி அமைப்பது என்ற சிக்கலை, நீண்ட கணக்குகள் போடாமல் தாளில் வரைந்தே தீர்த்தார் காஸ்பர் மோன்ஜ். பள்ளி அதைப் பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்தது. 1795-ல் பாரிசில் அவர் வெளிப்படையாகப் பாடம் நடத்தினார், 1799-ல் புத்தகமும் வந்தது. இன்று பாலிடெக்னிக் முதலாண்டுப் பையன் எக்ஸ்-ஒய் கோட்டுக்கு மேலும் கீழும் போடும் தோற்றங்கள் அந்த வழியில் வந்தவை. வரைகிறவருக்கும் படிக்கிறவருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். ஒப்பந்தத்தின் மறுபாதி படிக்கிறவர் தலையில் இருக்கிறது. ஸ்கேனர் எடுப்பது தாளில் இருக்கும் பாதியை மட்டும்.

ஆகவே டிராயிங்கை 3டி ஆக்குவது என்றால், அதைப் படித்து, அது சொல்லும் பொருளை மென்பொருளுக்குள் திரும்பக் கட்டுவது. கோட்டின் மேல் கோடு வைத்து நகலெடுப்பது குறுக்குவழி போலத் தெரியும். பாதி தூரம் போனபின் அதுதான் சுற்றுவழி என்று தெரியவரும்.

மவுஸைத் தொடுவதற்கு முன் தாளை மேஜையில் விரித்து, வலது கீழ்மூலையில் இருக்கும் டைட்டில் பிளாக்கைப் பாருங்கள். முனை வெட்டிய கூம்பு ஒன்றும், அதன் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்களும் சின்னதாக இருக்கும். கூம்பு இடப்பக்கமும் வட்டங்கள் வலப்பக்கமும் இருந்தால் முதல் கோணம். வட்டங்கள் இடப்பக்கம் இருந்தால் மூன்றாம் கோணம். நம் நாட்டுத் தரநிலையான எஸ்பி 46 சொல்வது முதல் கோணம், அமெரிக்காவில் நடப்பது மூன்றாம் கோணம். முதல் கோணத்தில் மேலிருந்து பார்த்ததைக் கீழே வரைவார்கள், மூன்றாம் கோணத்தில் மேலேயே வரைவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பிராக்கெட் டிராயிங்கை நம் பழக்கத்தில் படித்துக் கட்டினால், இடவலம் மாறிய பிராக்கெட் கிடைக்கும். காலிப்பர் வைத்து அளந்தால் எல்லா அளவும் சரியாக இருக்கும், மெஷினில் மட்டும் உட்காராது. சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும் பாகங்களில் இந்தப் பிழை வெளியே தெரிவதே இல்லை. அதனால்தான் பல பேர் அந்தச் சின்னத்தைப் பார்க்காமலேயே பல வருடம் ஓட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது, கோட்டை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். டிராயிங்கை ஸ்கேல் வைத்து அளக்காதே என்று பல நிறுவனத் தாள்களில் அச்சிட்டே இருக்கும். தாள் சுருங்கும், ஜெராக்ஸ் இழுக்கும். ஆட்டோகேட் கோப்பாகவே வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிடவும் வேண்டாம். அவசரத்தில் கோட்டை நகர்த்தாமல் அளவின் எழுத்தை மட்டும் திருத்திவிட்டுப் போவது டிராயிங் ஆபீஸ்களில் சர்வ சாதாரணம். 95 என்று எழுதியிருக்கும். கோட்டைத் தொட்டு அதன் உண்மை நீளத்தைக் கேட்டால் 92 என்று சொல்லும். அந்தக் கோட்டின் மேலேயே நீங்கள் திண்மத்தை எழுப்பினால் 92-தான் எழும். போதாததற்கு, மூலையில் இரண்டு கோடுகள் தொட்டும் தொடாமலும் நிற்கும், ஒரே கோடு இரண்டு முறை வரையப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி ஒன்று இருந்தாலே மென்பொருள் உருவம் மூடவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அதைத் தேடி அலையும் நேரத்தில் புதிதாக வரைந்தே முடித்துவிடலாம்.

வெட்டுத்தோற்றத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. வெட்டிய உலோகத்துக்கு ஹேட்ச், அதாவது சாய்கோடுகள் போடுவார்கள், ஆனால் ரிப்பை நீளவாக்கில் வெட்டிக் காட்டும்போது ஹேட்ச் போடாமல் விடுவது மரபு. மரபு தெரியாதவர் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்து அங்கே உலோகமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். டிராயிங் படிப்பதில் பட்டறைக்காரர் புதுப் பட்டதாரியை முந்துவது இந்த மாதிரி இடங்களில்தான்.

இனி ஒரு பாகத்தைக் கட்டுவோம். எளிய பிளேஞ்ச் ஒன்று. வார்ப்பிரும்பு. தட்டின் வெளிவிட்டம் 120, தடிமன் 12. அதன் மேல் 60 விட்டத்தில் ஒரு ஹப், அடியிலிருந்து ஹப்பின் தலை வரை மொத்த உயரம் 42. நடுவில் 30 விட்டத்தில் போர், அதாவது நடுத்துளை. 95 பிசிடியில் (துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 11 மில்லிமீட்டர் துளைகள் நான்கு. ஹப்பும் தட்டும் சேரும் மூலையை வளைவாக்க 5 ஆரத்தில் பில்லட். இதற்கு லட்சங்கள் தேவையில்லை. ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள் 2002 முதல் இருக்கிறது, 2024 நவம்பரில் 1.0 பதிப்புக்கு வந்தது. கீழே சொல்வது எல்லாம் அதிலேயே ஆகும். சாலிட்ஒர்க்ஸ் வைத்திருந்தால் கட்டளைகளின் பெயர் கொஞ்சம் மாறும், சிந்தனை மாறாது.

பிளேஞ்சை நட்டநடுவில் அறுத்தால் தெரியும் முகத்தில் பாதியை மட்டும் ஸ்கெட்ச்சில் வரையுங்கள். போரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அடியில் ஒரு படுக்கைக் கோடு, வலது ஓரத்தில் தட்டின் தடிமனுக்கு மேலேறும் கோடு, உள்ளே திரும்பி ஹப் வரை, அங்கிருந்து மேலே, தலையில் நடு அச்சு வரை, பிறகு அச்சோடு கீழே இறங்கி ஆரம்பித்த புள்ளிக்கு. ஆறு கோடுகள், ஆறு புள்ளிகள். கை நடுங்கினாலும் கோணலாக வந்தாலும் கவலை வேண்டாம், அளவைப் பிறகு கொடுப்போம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் இடவலமாக நகரலாம், மேல்கீழாக நகரலாம். ஆறு புள்ளிகளுக்குப் பன்னிரண்டு சுதந்திரங்கள். மூன்று கோடுகள் படுக்கை, மூன்று கோடுகள் நெட்டுக்குத்து என்று சொன்னதும் ஆறு போய்விடும். ஆரம்பப் புள்ளியை மையத்தில் பூட்டினால் இன்னும் இரண்டு போகும். மிச்சம் நான்கு. ஓரத்தில் ஃப்ரீகேட் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இப்போது டிராயிங்கைப் பாருங்கள். வெளிவிட்டம், ஹப் விட்டம், தட்டின் தடிமன், மொத்த உயரம். அங்கேயும் நான்கு அளவுகள். ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்ததும் சுதந்திரம் பூஜ்யமாகி, ஸ்கெட்ச் முழுக்கப் பச்சை நிறத்துக்கு மாறும். டிராயிங்கில் அளவு ஒன்று விட்டுப்போயிருந்தால் பச்சை வராது. ஓர் அளவு கூடுதலாக, முரணாக இருந்தால் மென்பொருள் சண்டைக்கு வரும். பழைய டிராயிங்கில் முப்பது வருடமாக யாரும் கவனிக்காத ஓட்டை இந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். என்னைக் கேட்டால், 3டி படம் அழகாகத் தெரிவதைவிட இந்தக் கணக்குத்தான் பெரிய லாபம்.

ஒரு எச்சரிக்கை. டிராயிங் சொல்வது விட்டம், பாதி முகத்தில் நீங்கள் கொடுப்பது ஆரம். 60 என்று இருக்கும் இடத்தில் 30. புதிதாகக் கற்பவர்கள் 120 கொடுத்துவிட்டு 240 விட்டத்தில் ஒரு வண்டிச்சக்கரத்தை எழுப்பிவிட்டு முழிப்பார்கள்.

ஸ்கெட்ச் பச்சையானதும் அதை நடு அச்சைச் சுற்றி 360 பாகை சுழற்றச் சொல்லுங்கள். ரிவால்வ் என்பது இதுதான். லேத்தில் கடைந்து வரும் எந்தப் பாகத்துக்கும் இதுதான் இயல்பான வழி, பட்டறைக்காரருக்கு விளக்கவே வேண்டியதில்லை. கடையாத பாகங்களுக்கு இன்னொன்று இருக்கிறது. வில்லையின் துளை எந்த வடிவமோ அந்த வடிவத்திலேயே நீளமாக மாவு இறங்கும் முறுக்கு உரலைப் போல, தட்டையான ஒரு முகத்தை நேராக ஒரு தூரத்துக்கு இழுத்துத் திண்மமாக்குவது. பொதுவாக எக்ஸ்ட்ரூட் என்பார்கள், ஃப்ரீகேடில் பேட். அதையே உலோகத்துக்குள் திருப்பிவிட்டால் பள்ளம் தோண்டும், அது பாக்கெட். இந்த மூன்றையும் வைத்தே பட்டறைக்கு வரும் டிராயிங்கில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். மெனுவில் இருக்கும் மற்ற ஐம்பது பொத்தான்களைப் பார்த்து மிரள வேண்டாம்.

துளைக்கு வருவோம். மையத்திலிருந்து 47.5 தள்ளி 11 விட்டத்தில் ஒரே ஒரு வட்டம் போட்டு, ஊடுருவப் பாக்கெட் எடுங்கள். பிறகு அந்தத் துளையை அச்சைச் சுற்றி நான்காகப் பெருக்கச் சொல்லுங்கள். நான்கு வட்டங்களைத் தனித்தனியாக வரைபவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் ஆறு துளை வேண்டும், பிசிடி 98 ஆக்குங்கள் என்று போன் செய்யும் நாளில் அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெருக்கி வைத்தவர் இரண்டு எண்களை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அளவை மாற்றினால் உருவம் தானே மாறும் என்ற இந்த வித்தை புதிதில்லை. 1963-லேயே எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தன் ஆய்வுக்காக எழுதிய ஸ்கெட்ச்பேட் நிரலில், ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டு, இரண்டும் இணையாக இரு, செங்குத்தாக இரு என்று கட்டளையிட முடிந்தது. ஆனால் பரவலாக நம் கைக்கு முதலில் வந்தது 1982-ல் வெளியான ஆட்டோகேட். அப்போது அது தட்டைப் படம் வரையும் பலகைக்கு மாற்றாகத்தான் வந்தது. கட்டுப்பாடும் திண்மமும் வரலாறும் சேர்ந்த முறையை 1980-களின் இறுதியில் ப்ரோ-எஞ்சினியர் மூலம் சந்தைக்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் கைஸ்பெர்க், சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கணிதப் பேராசிரியர். 1995-ல் சாலிட்ஒர்க்ஸ் அதே சிந்தனையைச் சாதாரண விண்டோஸ் கணினிக்கு இறக்கிவைத்தது. சிறு பட்டறைகளுக்குக் கதவு திறந்தது அதற்குப் பிறகுதான்.

வரலாறு என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த மென்பொருள்கள் முடிந்த உருவத்தை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. முதலில் சுழற்றினாய், பிறகு துளைத்தாய், பிறகு பெருக்கினாய் என்று செய்த வரிசையையும் வைத்துக்கொள்கின்றன. நடுவில் ஓர் எண்ணை மாற்றினால் அங்கிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்துபார்க்கின்றன. அதனால் எந்த அளவைக் கொடுத்துக் கட்டினீர்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது. நம் டிராயிங்கில் தட்டு 12, மொத்தம் 42 என்றிருக்கிறது. இன்னொருவர் தட்டு 12, ஹப் 30 என்று கொடுத்திருப்பார். இன்றைக்கு இரண்டும் ஒரே பிளேஞ்ச்தான். நாளை தட்டின் தடிமனை 14 ஆக்கினால் முதல் முறையில் மொத்தம் 42-லேயே நின்று ஹப் 28 ஆகக் குறையும், இரண்டாவதில் ஹப் 30 இருந்து மொத்தம் 44 ஆகும். எது சரி? ஹப்பின் தலைக்கு மேல் வந்து உட்காரும் பாகத்தைப் பொறுத்தது. டிராயிங் போட்டவர் மொத்த உயரத்தைக் குறித்தார் என்றால், அவருக்கு அந்த உயரம் மாறக்கூடாது என்று பொருள். ஆகவே உங்கள் வசதிக்குக் கூட்டிக் கழித்து வேறு அளவு போடாமல், அவர் கொடுத்த அளவையே கொடுங்கள்.

பில்லட்டைக் கடைசியில் போடுங்கள். இதைப் பலர் சடங்காகச் சொல்வார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். பில்லட் போட ஒரு விளிம்பைத் தொட்டுக் காட்டுகிறீர்கள். மென்பொருள் அதை ஏழாம் விளிம்பு என்பது மாதிரி ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. முன்னால் போய் ஒரு துளை சேர்த்தால் விளிம்புகளின் வரிசை எண் மாறும். பிறகு அந்தப் பில்லட் சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது பிழைச்செய்தி காட்டி நிற்கும். ஃப்ரீகேடுக்கு இதனாலேயே பல வருடம் கெட்ட பெயர். 1.0 பதிப்பில் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். இருந்தாலும் துளைக்கான ஸ்கெட்ச்சைப் பாகத்தின் முகத்தில் வரையாமல் அடிப்படைத் தளத்தில் வரைவதும், பில்லட்டைக் கடைசிக்குத் தள்ளுவதும் எந்த மென்பொருளிலும் நல்ல பழக்கம்தான்.

இனி அந்தப் போர். துளைகளைப் போலவே அதையும் தனிப் பாக்கெட்டாக எடுங்கள். அதை ஸ்கெட்ச்சிலேயே விட்டு வரைந்திருந்தால் சுழற்றும்போதே துளை வந்திருக்கும், ஒரு படி மிச்சம். ஆனால் பவுண்டரிக்கு நீங்கள் கொடுக்கப்போவது போர் இல்லாத காஸ்டிங். போரும் நான்கு துளைகளும் தனிப் படிகளாக இருந்தால் அவற்றை விலக்கிவைத்துவிட்டு காஸ்டிங் உருவத்தைப் பார்க்கலாம், திரும்பச் சேர்த்து ஃபினிஷ் ஆன உருவத்தைப் பார்க்கலாம். ஒரே கோப்பு, இரண்டு நிலை. இப்போது கன அளவைக் கேளுங்கள். ஃபினிஷ் ஆன பிளேஞ்ச் 187 கன சென்டிமீட்டர் சொச்சம். வார்ப்பிரும்புக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம் என்று வைத்தால் 1.35 கிலோ. போரும் துளைகளும் இல்லாமல் 221 சொச்சம், எடை 1.6 கிலோவுக்கு ஒட்டி. மெஷினிங் கூட்டல் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு பிளேஞ்சுக்கும் கால் கிலோ சில்லாகப் போகிறது. கொட்டேஷன் போடுவதற்கு முன் இது தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘எதுக்குங்க வாங்கறது’ என்ற கேள்விக்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது.

பேட்டர்ன் செய்பவருக்கு இன்னும் ஒரு படி போக வேண்டும். வார்ப்பிரும்பு குளிரும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும், அலுமினியம் அதைவிட அதிகம். வெளிவிட்டத்தில் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் மெஷினிங்குக்கு விட்டால் 120 என்பது 126 ஆகும். அதைச் சுருக்கத்துக்காக ஒரு சதவீதம் பெருக்கினால் பேட்டர்னில் 127.3. மணலிலிருந்து உருவும்போது அச்சு உடையாமல் இருக்க ஹப்பின் பக்கங்களில் ஓரிரு பாகை சாய்வும் வேண்டும். பழைய பேட்டர்ன் ஆசாரிகள் இந்தச் சுருக்கத்தைத் தங்கள் அளவுகோலிலேயே சேர்த்துப் பொறித்து வைத்திருந்தார்கள். இப்போது மென்பொருளில் ஒரு பெருக்கல். எவ்வளவு விட வேண்டும் என்பதை மட்டும் இன்றும் பவுண்டரியைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

கணினிக்குள் இந்தப் பிளேஞ்ச் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு, குறிப்பாகப் படிக்கும் பிள்ளைகள். உள்ளே முகங்கள், அந்த முகங்கள் சந்திக்கும் ஓரங்கள், ஓரங்கள் சந்திக்கும் முனைகள், யாருக்குப் பக்கத்தில் யார் என்ற பட்டியல். கனசதுரத்துக்கு முனைகள் 8, ஓரங்கள் 12, முகங்கள் 6. முனையில் ஓரத்தைக் கழித்து முகத்தைக் கூட்டினால் 2. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் சொன்ன கணக்கு இது. நம் பிளேஞ்சில் இருப்பதுபோல ஊடுருவும் துளைகள் வந்தால் சூத்திரத்தில் திருத்தம் சேரும். பட்டியலில் எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா, உருவம் முழுசாக மூடியிருக்கிறதா என்று மென்பொருள் சரிபார்க்க இந்த வகைக் கணக்கு உதவுகிறது. இப்படி முகங்களாலும் ஓரங்களாலும் திண்மத்தைச் சொல்லும் முறையை 1970-களில் கேம்பிரிட்ஜில் வளர்த்தவர்களில் இயன் பிரெய்ட் முக்கியமானவர். இந்த முறையில் வட்டம் என்பது உண்மையான வட்டமாகவே இருக்கிறது, மையமும் ஆரமும் கொண்டு.

இதைச் சொல்லக் காரணம், எஸ்டிஎல் என்ற கோப்பு. 1987-ல் 3டி அச்சுக்காக வந்த அது, மேற்பரப்பை முழுக்க முக்கோணங்களாக நறுக்கிவிடும். 120 விட்டத்தை 36 பக்கங்களாக நறுக்கினால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் 0.23 மில்லிமீட்டர் உள்வாங்கியிருக்கும். அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்றுகூட அந்தக் கோப்பில் இருக்காது. அச்சடிக்கப் போதும், மெஷினிங்குக்குக் கொடுக்காதீர்கள். புகைப்படத்தைக் கொடுத்தால் 3டி தருகிறேன் என்று இப்போது வரும் செயலிகள் பெரும்பாலும் கொடுப்பது இந்த முக்கோணத் தோல்தான். பார்க்க அழகாக இருக்கும். பிசிடியை மாற்று என்றால் அதற்குப் பிசிடி என்றால் என்னவென்றே தெரியாது. மெஷின் ஷாப்புக்கும் வாடிக்கையாளருக்கும் ஸ்டெப் கோப்பு கொடுங்கள். 1994-ல் சர்வதேசத் தரமாக வந்தது அது, பெரும்பாலான வடிவமைப்பு மென்பொருள்களில் திறக்கும், வட்டம் வட்டமாகவே போகும்.

ஒன்றை மட்டும் திண்மம் சொல்லாது. மாடலில் போர் 30 என்றால் 30.000. டிராயிங்கில் 30 எச்7 என்று இருக்கும், அதாவது 30-க்குக் குறையக்கூடாது, 0.021 மில்லிமீட்டர் வரை கூடலாம். எந்த முகம் எவ்வளவு வழவழப்பு, எந்தத் துளைக்கு எந்த மரை, பொருள் எந்த கிரேடு, இவையெல்லாம் தாளில்தான் இருக்கின்றன. இவற்றை மாடலிலேயே ஏற்றும் வசதி பெரிய மென்பொருள்களில் வந்துவிட்டது, ஆனால் நம்மூர் ஜாப் ஒர்க்கில் இன்றும் தாள் இல்லாமல் லேத் ஓடாது. அதனால் திண்மத்தைக் கட்டி முடித்ததும் அதிலிருந்தே புதிய தட்டை டிராயிங்கை எடுத்து, பழைய தாளில் இருந்த டாலரன்ஸ் எல்லாவற்றையும் அதில் திரும்ப எழுதுங்கள்.

கட்டு முழுவதையும் ஒரேயடியாக மாற்றக் கிளம்ப வேண்டாம். அடிக்கடி ஆர்டர் வரும் ஒரு பாகத்தை எடுங்கள், முடிந்த சாம்பிள் ஷெல்பில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கட்டி முடித்து, மென்பொருள் சொல்லும் எடையையும் சாம்பிளின் எடையையும் ஒப்பிடுங்கள். தராசு நிறைய வித்தியாசம் காட்டினால் மறுபடி டிராயிங்கைப் படியுங்கள். சரியாக வந்த பிறகு வெளியே அனுப்பும்போது ஸ்டெப் கோப்போடு பிடிஎஃப் டிராயிங்கையும் சேர்த்தே அனுப்புங்கள். இரண்டுக்கும் முரண் வந்தால் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.